அமராவதி பெண்ணுக்குப் பேர் வைத்த கதை

கடலூர் மாவட்டத்தில் என் காதுக்கு ஈடான காது இன்னொன்று கிடையாது. திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே, சிதம்பரம் ஸ்டேஷனில் ரயில் ஊதுவதைக் கேட்பேன். அது இங்கே வந்து சேர்வதற்குள் குளித்து, சேலை மாற்றிக்கொண்டு, பிளாட்பாரத்தில் போய் நிற்பேன். சரி, கொஞ்சம் ஜாஸ்திதான். சிதம்பரம் இல்லை, பக்கத்து ஸ்டேஷன் முதுநகர். அதுவும் காற்று இந்தப் பக்கம் அடித்தால்.

இந்தக் காதை ஒருநாள் அமராவதி சோதித்துப் பார்த்தாள். என் வீட்டு மாடியில் குடியிருக்கிற பெண். சிதம்பரத்தில் ஒரு ஆராய்ச்சிக் குழுவில் அவளுக்கு வேலை. சில குழந்தைகள் பிறக்கும்போதே காது கேளாமல் பிறப்பது ஏன், எந்தெந்தக் குடும்பங்களில் அது திரும்பத் திரும்ப வருகிறது என்று மாவட்டம் முழுக்க ஊர் ஊராகப் போய் விசாரிக்கிற குழு அது. அமராவதி கருவியைத் தூக்கிக்கொண்டு போவாள். ஆட்களுக்கு ஹெட்போனை மாட்டி, சன்னமான சத்தங்களை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் விரலைத் தூக்க வேண்டும். எனக்கும் மாட்டினாள். நான் தூக்கினேன், தூக்கினேன், தூக்கிக்கொண்டே இருந்தேன்.

"ஆயா, வெரல எறக்குங்க. நான் இன்னும் பட்டனே அமுக்கல."

"நீ அமுக்கப்போறது எனக்கு முன்னாடியே கேட்டுடுச்சிடி."

சிரித்தாள். அப்போதெல்லாம் நன்றாகச் சிரிப்பாள்.

அவள் வேலையில் இன்னொரு பாதி, கேள்வி கேட்பது. கல்யாணம் சொந்தத்திலா, அசலிலா? வீட்டில் காது கேளாதவர்கள் யாராவது உண்டா? பதில்களை வைத்து ஒரு படம் வரைவார்கள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம். புருஷன் பெண்டாட்டியைச் சேர்க்க ஒரு கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு. காது கேளாதவர்களின் கட்டத்தை மையால் நிரப்பிவிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த புதிதில், குழுவின் தலைவியான ஸ்ரீமதி மேடம், பழகுவதற்காக அவரவர் குடும்பத்தையே வரையச் சொன்னார்.

அமராவதி கட்டிக்கொண்டது அவள் அம்மா ராசம்மாளின் கூடப்பிறந்த தம்பி கொளஞ்சியப்பனை. இரட்டைக் கோடு போட்டாள். ராசம்மாளுக்கும் கொளஞ்சியப்பனுக்கும் மூத்தவர் ஆண்டி, கம்மாபுரத்தில் இருக்கிறார். பிறவியிலிருந்தே அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வரவில்லை. அந்தக் கட்டத்தில் மையை நிரப்பினாள்.

"வரையும்போது ஒண்ணும் தோணல ஆயா. முடிச்சிட்டு கொஞ்சம் தள்ளி வச்சிப் பாத்தேன். எங்க ரெட்டக் கோட்டுக்குப் பக்கத்துலயே அந்தக் கருப்புக் கட்டம்."

இதை என்னிடம் சொன்னது 2010இல், அவள் முழுகாமல் இருந்தபோது.

ஆண்டியின் கதை அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். குழந்தையாக இருந்தபோது அவருக்குக் காது கேட்கும் என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். அவர் அம்மா உலக்கையை ஓங்கி நெல் குத்தினால் பிள்ளை திரும்பிப் பார்க்கும். வாசலில் வண்டி வந்தால் எழுந்து ஓடும். போதாதா? பேசவில்லையே என்று ஒருவர் கேட்டால், ஆம்பிளைப் பிள்ளை, மெதுவாகப் பேசும் என்று இன்னொருவர் சொன்னார். பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போன அன்றுதான், பின்னால் நின்று வாத்தியார் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளை திரும்பவே இல்லை. உலக்கை அதிர்ந்ததைத் தரை காலுக்குச் சொல்லியிருக்கிறது. காதுக்கு ஒன்றும் எட்டவில்லை.

ஸ்ரீமதி மேடம் அமராவதிக்குத் தைரியம் சொன்னார். சொந்தத்தில் கட்டியவர்களுக்குப் பிறக்கிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு நன்றாகவே கேட்கும், கேளாமல் போகிற வாய்ப்பு மற்றவர்களைவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். இதே வாக்கியத்தை அமராவதி ஊர் ஊராகப் போய் எத்தனையோ கர்ப்பிணிகளிடம் சொல்லியிருக்கிறாள். சொல்கிற பக்கத்தில் இருந்தவள் கேட்கிற பக்கத்துக்கு வந்ததும் அந்த வாக்கியம் அவளுக்குப் பிடிமானம் தரவில்லை.

வளைகாப்பு நடந்தது. இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல். உள்ளே இருக்கிற குழந்தைக்குக் கேட்கட்டும் என்றுதானே அடுக்குகிறோம்? மறுநாள் காலை மாடிக்குப் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றருகே கையை ஆட்டிவிட்டுக் காத்திருந்தாள். மறுபடி ஆட்டினாள்.

"ஒதைக்கிதா?"

"ஒதைக்கிது ஆயா. ஆனா சத்தத்துக்கா, நான் கைய ஆட்டுன ஆட்டத்துக்கான்னு எப்பிடித் தெரியும்?"

நாற்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவள் நான். அலை, அதிர்வு, எதிரொலி எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் உண்டு. அன்று அவளிடம், காபி போட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

பெண் குழந்தை பிறந்தது. அழுத அழுகையில் கெடிலம் ஆற்று மணல் ஒரு முழம் நகர்ந்தது என்பேன். கேட்பவர்கள் நம்பாவிட்டால் ஒரு சாணாகக் குறைத்துக்கொள்வேன்.

ஆஸ்பத்திரியை விட்டு வருவதற்கு முன்பே ஸ்ரீமதி மேடம் கருவியோடு வந்தார். இது வேறு கருவி. விரல் தூக்கத் தெரியாதவர்களுக்கானது. பஞ்சு போன்ற சின்னக் குமிழைக் குழந்தையின் காதில் வைப்பார்கள். அது டிக் டிக் என்று சத்தம் அனுப்பும். நல்ல காதாக இருந்தால் உள்ளேயிருந்து ஒரு மெல்லிய சத்தம் திரும்பி வருமாம். காதுக்குக் கேட்க மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன், பதிலும் சொல்லும் போலிருக்கிறது. பதில் வந்தால் திரையில் 'பாஸ்' என்று விழும். வராவிட்டால் 'ரெஃபர்', அதாவது மறுபடி பார்க்க வேண்டும்.

வலது காது, ரெஃபர். இடது காது, ரெஃபர்.

"பொறந்த கொழந்தைக்குக் காதுக்குள்ள தண்ணி, அழுக்கு இருக்கும். பேர் வைக்கிற சமயத்துல மறுபடி பாக்கலாம்," என்றார் மேடம்.

"தெரியும் மேடம். நானே எல்லாருக்கும் சொல்றதுதானே," என்றாள் அமராவதி. குழந்தையை வாங்கி மார்போடு சேர்த்துக்கொண்டாள்.

ராசம்மாளுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "மிஷினு என்னா சொல்றது? நான் சொல்றேன்," என்று ஒருநாள் பித்தளைத் தாம்பாளத்தைக் கொண்டுவந்தாள். கூடத்தில் பாயில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தாம்பாளத்தைப் பக்கத்துத் தரையில் வைத்துக் கரண்டியால் ஓங்கி ஒரு அடி. குழந்தை இரண்டு கையையும் விரித்துத் திடுக்கிட்டது.

"பாத்தீங்களா டீச்சரம்மா! பாம்புக் காது எம் பேத்திக்கு!"

கொளஞ்சியப்பன் சுரங்கத்தில் லாரி ஓட்டுகிறவர், அதிகம் பேசமாட்டார். அவர்கூட முகம் மலர்ந்து, "அமரா, பாத்தியா?" என்றார்.

அமராவதி அடுப்படி நிலைப்படியில் நின்றிருந்தாள். குழந்தை மறுபடி கண்ணயரட்டும் என்று காத்திருந்தாள். பிறகு வந்து தாம்பாளத்தைத் தரையிலிருந்து எடுத்து அம்மாவின் கையில் கொடுத்தாள். "இப்ப கையில தூக்கிப் புடிச்சி அடிம்மா."

ராசம்மாள் அடித்தாள். எனக்கே காது அடைத்தது. குழந்தை அசையவில்லை.

இன்னொரு முறை அடித்தாள். அசையவில்லை.

"தூங்குது மாமா, அதனாலகூட இருக்கலாம்," என்று அமராவதி கொளஞ்சியப்பனிடம் சொன்னாள். அவருக்காகச் சொன்னாளா, தனக்காகச் சொல்லிக்கொண்டாளா, தெரியாது. ராசம்மாள் தாம்பாளத்தைச் சுவரில் சாய்த்தாள். அது உருண்டு போய்ப் பீரோவில் இடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. ஆண்டியின் பேரை அன்று ஒருவரும் வாயில் எடுக்கவில்லை, நினைக்காதவர்களும் இல்லை.

பேர் வைக்கிற நாள் நெருங்கியது. கொளஞ்சியப்பனின் அம்மா லோகநாயகியின் பேர்தான் என்று முன்பே முடிவாகியிருந்தது. குழந்தையின் காதில் பேரை மூன்று தரம் சொல்ல வேண்டியது அத்தை. இந்த வீட்டில் அம்மாவைப் பெற்ற அம்மாயியும் ராசம்மாள்தான், அப்பாவின் அக்காவான அத்தையும் ராசம்மாள்தான். இரண்டு பேருக்கான சேலை ஒருத்திக்கே என்று நான் கேலி செய்வேன். கம்மாபுரத்திலிருந்து வேன் சொல்லியாகிவிட்டது. பேர் வைக்கிற அன்று காலை பார்த்து அமராவதி ஒரு குண்டைப் போட்டாள்.

"இப்பவே சிதம்பரம் போயி டெஸ்ட் பண்ணிட்டு வந்துடறேன். அப்புறம் பேரு வையுங்க."

"நல்ல நாளும் அதுவுமா பச்சப் புள்ளயத் தூக்கிக்கினு பஸ்ஸுல போறியா? பேரு வச்சிட்டு நாளைக்கிப் போயேன். யாரு வேணாங்கறது?"

"கேக்காத காதுல பேரச் சொல்லிட்டு, கைதட்டி, கல்கண்டு குடுப்பீங்க. அதப் பாத்துக்கினு என்னால நிக்க முடியாதும்மா."

"ஆண்டி அண்ணனுக்கும் காதுலதான் பேரு வச்சாங்க," என்றாள் ராசம்மாள். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவளுக்கே உறைத்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கொளஞ்சியப்பன் எழுந்து சட்டையை மாட்டினார். "வேன்ல வர்றவங்க மத்தியானம் சாப்புடட்டும். பேரு சாயந்தரம் வச்சிக்கலாம். கெளம்பு அமரா."

நானும் துணைக்குப் போனேன். பஸ்ஸில் குழந்தை நன்றாகத் தூங்கியது. சோதனை அறைக்குள் போனதும் விழித்துக்கொண்டு வீல் வீல் என்று கத்தியது. குழந்தை தூங்க வேண்டும், இல்லாவிட்டால் கருவி வேலை செய்யாது. பால் கொடுத்துத் தட்டிக்கொடுத்தோம். கண் மூடியதும் வெளியே யாரோ பைக்கைக் கிளப்பினார்கள். 'சத்தம் அதிகம்' என்று கருவி நிறுத்திக்கொண்டது. கொளஞ்சியப்பன் வெளியே போய் என்ன சொன்னாரோ, அந்தத் தெருவே அடங்கிவிட்டது. மின்விசிறியையும் நிறுத்தினார்கள். மேடம் குமிழை வைத்தார். எத்தனையோ குழந்தைகளுக்கு அந்தத் திரையைப் பார்த்துப் பலன் சொன்ன அமராவதி, அன்று சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அவள் கழுத்தில் வேர்வை ஓடியது.

"மாமா, நீங்க பாத்துச் சொல்லுங்க."

அவர் குனிந்து எழுத்துக் கூட்டினார். "பா... பாஸு. அமரா, பாஸுன்னு போட்டுருக்குது."

இரண்டு காதும் பாஸ். சாயங்காலம் கூடத்தில் ராசம்மாள் குனிந்து 'லோகநாயகி' என்று மூன்று தரம் சொன்னாள். முதல் தரத்திலேயே குழந்தை கண்ணைத் திறந்து, என்ன வேண்டும் என்று கேட்கிற மாதிரி அவளைப் பார்த்தது.

இவ்வளவையும் எழுதி, போன வாரம் அமராவதிக்கு வாசித்துக் காட்டினேன். லோகநாயகிக்கு இப்போது ஒரு வயது தாண்டிவிட்டது. அமராவதி அவள் தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். கடைசி வரி வந்ததும் கையை நிறுத்தினாள்.

"ரெண்டு காதுன்னு எழுதாதீங்க ஆயா. வலது மட்டுந்தான் பாஸ். இடது அன்னிக்கும் இல்ல, இன்னிக்கும் இல்ல. அம்மா பேரு சொல்லக் குனிஞ்சப்போ இடது பக்கந்தான் போனாங்க. நான்தான் அவங்க மொகத்தப் புடிச்சி வலது காதுப் பக்கம் திருப்பிவுட்டேன். அத எழுதுங்க."