கறுப்புக் குடை, உள்ளே பச்சை நூல்

என் மகள் எழுதிக் கொண்டுவந்த தாளில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. முப்பத்தாறு வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சொல்கிறேன், நம்பலாம். ஒற்று மிக வேண்டிய இடத்தில் மிகுந்திருந்தது, கால்புள்ளிகள் ஒழுங்காக நின்றன. "அன்பான மனைவி, பாசமுள்ள தாய், உற்ற தோழி. சிரித்த முகத்துக்குச் சொந்தக்காரர்." ஞாயிற்றுக்கிழமை அவள் அம்மாவின் நினைவுக் கூட்டத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கப்போகும் தாளில் ஒரு பக்கம் இது. மறுபக்கம் நான் எழுத வேண்டியது. மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்குள் அச்சகத்தில் கொடுத்தாக வேண்டும்.

"நல்லாருக்காப்பா?" என்றாள்.

"பிழை இல்ல."

"நான் அதக் கேக்கலப்பா."

அவள் எதைக் கேட்டாள் என்று எனக்குத் தெரியும். ஆனால் அதைப் படிக்கும்போதே என் மனைவி பேசுவது காதில் விழுந்துகொண்டிருந்தது. "கறுப்புக் குடைன்னா எங்கிட்ட நாப்பது இருக்கு. உங்க குடை எது?"

இதைச் சொல்லித்தான் அவள் முப்பத்தொன்பது வருடம் உத்தியோகம் பார்த்தாள். பேருந்து நிலையத்தில், பயணிகள் தவறவிட்ட பொருட்களை வைத்திருக்கும் அறை அவளுடையது. அவள் அப்பா பேருந்து ஓட்டுநர். அவளுக்குப் பத்தொன்பது வயதாகும்போது அவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனார். கருணை அடிப்படையில் மகளுக்கு வேலை கொடுத்தார்கள். எங்கே உட்காரவைப்பது என்று தெரியாமல், டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் ஒரு டியூப் லைட்டும் மூன்று இரும்பு அலமாரியும் கம்பி ஜன்னலும் இருந்த அந்த அறையில் உட்காரவைத்தார்கள். அவளுக்கு முன்னால் அங்கே இருந்தவர், முதலில் யார் வந்து கேட்டாரோ அவருக்கே எடுத்துக் கொடுத்துவிடுவாராம்.

அவள் வந்ததும் ஒவ்வொரு பொருளிலும் ஓர் அட்டையைக் கட்டினாள். தேதி, பேருந்து எண், என்ன பொருள் என்பதெல்லாம் மேலே இருக்கும். கடைசியில் "அடையாளம்" என்று ஒரு வரி. அதை மட்டும் யாருக்கும் தெரியாதபடி உள்பக்கமாக மடித்து நூலால் கட்டிவிடுவாள். உடையவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றை உடையவர் வாயாலேயே சொல்ல வேண்டும். இல்லையென்றால், "ஞாபகம் வந்தா வாங்க." இதனால் நிலையம் முழுக்க அவளுக்கு அடையாளம்மா என்றே பேராகிவிட்டது. சம்பளப் பட்டியலில் இருந்த பேரைச் சொல்லிக் கேட்டால் பாதிப் பேருக்குத் தெரியாது.

மகள் எழுதிய சிரித்த முகமெல்லாம் அந்த ஜன்னலில் இருந்ததில்லை. முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள். ஓர் அதிகாரி வந்து, "நான் யாருன்னு தெரியுமா?" என்று குதித்தார். "தெரியும் சார். பை யாருதுன்னுதான் தெரியல" என்றாள். பல்செட்டைத் தேடி வந்தவர், "இதுக்கு என்னம்மா அடையாளம் சொல்றது?" என்று பொக்கை வாயால் கேட்டபோது, கழுவித் துடைத்து நீட்டி, "மாட்டிப் பாத்து உங்க பேரச் சொல்லுங்க" என்றாள். யாரோ மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸ்களையெல்லாம் அன்றாடம் கழுவிக் கவிழ்த்துவைப்பாள். நாறிப்போன டப்பாவைத் திருப்பிக் கொடுப்பதும் கொடுக்காததும் ஒன்றுதான் என்பாள்.

நானும் அந்த ஜன்னலுக்கு வந்து நின்றவன்தான். எனக்கு அப்போது இருபத்தெட்டு வயது. பேருந்தில் குடையை விட்டுவிட்டேன்.

"அடையாளம்?"

"கறுப்பு."

"அப்புறம்?"

"கைப்பிடி வளைஞ்சிருக்கும்."

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கையெட்டும் தூரத்தில் விடுபட்ட புள்ளியைப் பிடிக்கிற கண் என்னுடையது. நாலு வருடம் தூக்கிச் சுமந்த குடைக்கு எத்தனை கம்பி என்று அந்தக் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்தடுத்து ஐந்து முறை போனேன். ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு கேள்வி கேட்டுத் திருப்பி அனுப்பினாள். நானும் நனைந்துகொண்டே போய் நனைந்துகொண்டே வந்தேன். ஆறாவது முறை, பதிவேட்டிலிருந்து நிமிராமல், "கைப்பிடிக்குக் கொஞ்சம் மேல, உள்பக்கமா, பச்சை நூல் கட்டியிருக்குமா?" என்று கேட்டாள்.

பச்சை நூலை நான் கனவில்கூடக் கண்டதில்லை. "ஆமாங்க, என்னோடதுதான்" என்றேன்.

எடுத்து வந்து கொடுத்தாள். என் குடையைவிட நல்ல குடை. யாருடையதோ. "பொருள் என்னுடையதே, சரிபார்த்துப் பெற்றுக்கொண்டேன்" என்று பதிவேட்டில் அச்சடித்திருந்த வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டேன். காது சுட்டது. இரண்டு வாரம் மனசு கேட்கவில்லை. உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் மறுபடி போனேன். போனவன், டீ சாப்பிட வருகிறீர்களா என்று கேட்டுவிட்டேன். எட்டு மாதத்தில் கல்யாணம்.

முப்பத்துநாலு வருடம் அந்தப் பொய்யோடு குடித்தனம் நடத்தினேன். துணியை இரண்டு முறை மாற்றியும் குடை உழைத்தது. மழை இருட்டினால் போதும், அவள் உள்ளே இருந்து, "ஏங்க, உங்க குடைய எடுத்துக்கிட்டீங்களா?" என்பாள். அந்த "உங்க"வில் ஓர் அழுத்தம் இருக்கும். ஊருக்கே நேராக நடந்துகொள்கிற ஒருத்தியை ஏமாற்றிவிட்டோமே என்று இருக்கும். சொல்லலாம் என்று வாயெடுப்பேன். பிறகு, இப்போது என்ன அவசரம் என்று குடையை எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவேன்.

ஓய்வு பெற்று ஒரு வருடம் வீட்டில் இருந்தாள். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. ஐம்பத்தொன்பது வயது.

மகளிடம் தாளைத் திருப்பிக் கொடுத்து, "இது யாரோட அம்மாவுக்கும் பொருந்தும். உங்கம்மாவுக்கு ஒரு அடையாளம் சொல்லு" என்றேன். அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆனாலும் கொஞ்ச நேரத்தில் அவள் கை தானாகத் தலைமுடிக்குப் போயிற்று.

"பின்னி முடிச்சதும் கடைசியா ஒரு தடவ லேசா இழுத்துப் பாப்பாங்க. முடிச்சு நிக்குதான்னு. வேலைக்குப் போக ஆரம்பிச்ச அப்புறமும் வாசல்ல நிறுத்தி இழுப்பாங்கப்பா." சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது கண் சிவந்திருந்தது, தாளில் அந்த வரி ஏறியிருந்தது.

எனக்குப் பொறாமையாக இருந்தது. ஒரு நிமிடத்தில் சொல்லிவிட்டாள். எதிரே உட்கார்ந்து முப்பத்துநாலு வருடம் சாப்பிட்டவன் நான். எழுத உட்கார்ந்தால் எனக்கு வந்ததெல்லாம் அன்பானவள், பொறுமையானவள், உழைப்பாளி. கறுப்பு, வளைந்த கைப்பிடி. அவள் ஜன்னலில் நின்று அவளையே என்னுடையவள் என்று கேட்டால், ஞாபகம் வந்தால் வாங்க என்று என்னைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

மறுநாள் காலை பத்தரைக்குக் கண்டக்டரம்மா வந்தார். தன் பேருந்தில் கிடைத்த பொருட்களைக் கொண்டுவந்து ஒப்படைக்கிறவராகப் பழக்கமாகி, முப்பது வருடத்துக்கு மேல் அதே ஜன்னலோரம் என் மனைவியோடு உட்கார்ந்து மதியம் சாப்பிட்டவர். வந்தவர், கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கிய குடையைப் பார்த்து நின்றுவிட்டார்.

"அடப்பாவமே, இது இன்னுமா இருக்கு?" சிரிப்பும் அழுகையுமாகக் குடையை விரித்து உள்ளே பார்த்தார். பச்சை நூல் வெளுத்துப்போய் அங்கேயே இருந்தது. "அண்ணா, இது உங்க குடை இல்லன்னு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

நான் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க குடை எந்தப் பஸ்லயும் கிடைக்கல. நாலு டெப்போவுக்கு போன் போட்டா. 'பாவம்டி, நனைஞ்சுகிட்டே வராரு'ன்னு என்னை இழுத்துகிட்டுக் கடைக்குப் போய் இத வாங்கினா. அட்டை கட்டற நூல்தான் இது. அவளே கட்டினா."

"வரலன்னு முதல் நாளே சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ரெண்டாவது நாள் வந்திருப்பீங்களா?"

"அப்ப நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரியும்."

"தெரியாமயா? நீங்க அந்தப் பக்கம் போனதும் எங்கையப் பிடிச்சுகிட்டுச் சத்தமே வராம குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. 'ஏண்டி, இவருக்குப் பொய் சொல்லவே வரல. காதெல்லாம் செவந்துபோச்சு. இந்தாள நம்பலாம்'னா."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே?"

கண்டக்டரம்மா குடையை மெதுவாக மடக்கினார். "நானும் எத்தனையோ தடவ சொன்னேண்ணா. 'அவரே வந்து சொல்லட்டும், அப்ப நானும் சொல்றேன்'னு இருந்தா."

அழுதேன். அவள் போன அன்றுகூட அப்படி அழவில்லை. அந்த "உங்க"வில் இருந்த அழுத்தம் சந்தேகம் இல்லை. ஒவ்வொரு மழைக்கும் எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்திருக்கிறாள், ஒவ்வொரு மழைக்கும் நான் குடையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போயிருக்கிறேன்.

பதினொன்றேகாலுக்கு எழுத உட்கார்ந்தேன். அரைப் பக்கம்கூட ஆகவில்லை. இந்த அம்மாள் தன் வேலையில் ஒரே ஒரு முறை பொய்ப்பதிவு போட்டார், அதைப் பெற்றுக்கொண்டவன் நான் என்று எழுதினேன். மகள் படித்துவிட்டு என் சட்டைக் காலரைச் சரிசெய்தாள். தாளை நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன் என்று கிளம்பினேன். வெளியே தூறிக்கொண்டிருந்தது. குடையை எடுத்துக்கொண்டு கதவருகே வழக்கமாக நிற்கிற இடத்தில் நின்றேன். உள்ளே இருந்து யாரும் கேட்கவில்லை.

"இது என்னோடது இல்லம்மா" என்றேன். "அன்னிக்கு நான் பொய் சொன்னேன்."