ஃப்ளாப்பிக்கு வைத்த பொட்டு

மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில்தான் சித்தப்பா டைப்பிங் கடை வைத்திருந்தார். கல்யாணப் பத்திரிகை, சின்னச் சின்னப் புத்தகம் எல்லாம் கம்ப்யூட்டரில் அடித்துக் கொடுப்பார். அதன் முன்னால் உட்கார அக்காவுக்கு மட்டும்தான் அனுமதி. அக்கா ஒன்பதாவது படித்தாள். நான் ஐந்தாவதோடு நின்றுவிட்டேன். அம்மா துணிக் கம்பெனி வேலைக்குப் போக ஆரம்பித்ததும், கைக்குழந்தையான தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஓர் ஆள் வேண்டியிருந்தது. அது ஏன் அக்காவாக இருக்கவில்லை என்று நான் வாய் திறந்து கேட்டதில்லை. உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

அக்கா பட்டன்களைத் தட்டும் சத்தம் கேட்டாலே எனக்கு வயிறு எரியும். தம்பி அழுதால் கூட நல்லதுதான், அந்தச் சத்தம் கேட்காது என்றிருக்கும்.

கம்ப்யூட்டர் செகண்ட் ஹேண்டில் வாங்கியது. அடிக்கடி அப்படியே நின்றுபோகும். பழைய ஹார்ட் டிஸ்க்கையே சுத்தமாகத் துடைத்துவிட்டுப் புது விண்டோஸ் போடலாம் என்று சித்தப்பா முடிவு பண்ணினார். துடைத்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடுமாம். அதனால் அவரும் அக்காவும் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து எல்லாவற்றையும் பன்னிரண்டு ஃப்ளாப்பிகளில் ஏற்றினார்கள். ஏழாவதில் மயிலாப்பூர் வாத்தியார் ஒருவர் எழுதிய புத்தகம். அக்கா பள்ளிக்கூடம் விட்டு வந்து ஒண்டியாகவே அடித்து முடித்தது. தீபாவளிக்குள் அவருக்குக் கொடுத்தாக வேண்டும்.

மறுநாள் ஆயுத பூஜை. சரஸ்வதி படத்துக்கு முன்னால் கம்ப்யூட்டர், ஃப்ளாப்பிகள், அக்காவின் புத்தகங்கள். நானும் என் ஐந்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தைக் கொண்டுபோய் அடுக்கின் மேல் வைத்தேன்.

"அது எதுக்குடி? படிக்கிற புக்கைத்தான் வெக்கணும்" என்று அம்மா எடுத்து அலமாரியில் போட்டுவிட்டாள். கோபமாகச் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள்.

சந்தனம் குங்குமம் வைக்கிற வேலை என்னுடையது. எல்லாவற்றுக்கும் ஒழுங்காக வைத்துக்கொண்டே வந்தேன். ஏழாவது ஃப்ளாப்பி மேல் அக்காவின் கையெழுத்து. அதன் தகரக் கதவைத் தள்ளினேன். உள்ளே கறுப்பாக, வழவழவென்று ஒரு தகடு தெரிந்தது. அதன் மேலே நல்ல பெரிய பொட்டாக ஒன்று வைத்தேன். கதவு தானாக மூடிக்கொண்டது. வெளியேயும் ஒரு பொட்டு வைத்தேன்.

விஜயதசமி அன்று நல்ல நேரம் பார்த்து சித்தப்பா டிஸ்க்கைத் துடைத்தார். புது விண்டோஸ் ஏறி, பாட்டு மாதிரி சத்தம் வந்தது. தம்பி கூடக் கை தட்டினான். பிறகு ஃப்ளாப்பிகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஆறு வரைக்கும் ஒன்றுமில்லை. ஏழாவது கர்ர் கர்ர் என்று கத்தியது.

அக்கா அதை வெளியே எடுத்து, கதவைத் தள்ளிப் பார்த்து, முகர்ந்து பார்த்தாள். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"உள்ள யாரு சந்தனம் வெச்சது?" என்றார் சித்தப்பா.

"நான்தான் சித்தப்பா. உள்ளயும் வெக்கணும்னு நெனச்சிட்டேன்" என்றாள் அக்கா.

"ஒம்பதாவது படிக்கிற கழுதை! உன்னைப் போயி கம்ப்யூட்டர் முன்னால ஒக்கார வெச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!"

அவளைக் கழுதை என்று அந்த வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதே இல்லை. பூஜைப் பொரியில் வெல்லம் கடிபட்டது போல அவ்வளவு தித்திப்பாக இருந்தது. மாட்டிக்கொள்வோமே என்ற பயம் அப்புறம்தான் வந்தது.

புத்தகம் முழுவதையும் மறுபடி அடிக்க வேண்டும். அன்று சாயங்காலமே அக்கா அம்மாவிடம் போய், "வாத்தியார் எழுத்து ஒரே கிறுக்கல். இவ படிச்சாத்தான் என்னால அடிக்க முடியும்" என்றாள். தம்பியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டாள். என் கையில் காகிதக் கட்டைக் கொடுத்தாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டதற்கு என்னிடம் வேலை வாங்குகிறாள் என்றுதான் நினைத்தேன். தினமும் விளக்கு வைத்ததும் முணுமுணுத்துக்கொண்டே போய் உட்காருவேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன். திக்கினால் அவள் திருத்த மாட்டாள். விரல்களைத் தூக்கி வைத்தபடி, அடுத்த வார்த்தை என் வாயிலிருந்து வருகிற வரைக்கும் காத்துக்கொண்டிருப்பாள். தீபாவளிக்கு இரண்டு நாள் முன்னால் முடித்தபோது நான் திக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். அதையும் நான் கவனிக்கவில்லை. அப்பாடா, தொலைந்தது என்று எழுந்துபோனேன்.

இப்போது எனக்கும் தலை நரைத்துவிட்டது. அந்தக் காகிதக் கட்டு மட்டும் கண்ணிலேயே நிற்கிறது. கோடு போட்ட தாள், நீல மை. வாத்தியார் எழுத்தில் கிறுக்கல் என்று ஓர் எழுத்துகூட இல்லை. அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி, குழந்தை கூடப் படிக்கிற மாதிரி இருந்தது.