வலது காலில் மட்டும் எண்ணெய்

ஜவுபர் தன் வீட்டுச் சேவலையே ஒரு தரம் சந்தேகித்தவர் என்று கிழக்கிலங்கையின் கல்முனையில் சொல்வார்கள். சுபஹு பாங்குக்கு வெகு முன்னே அது கூவிவிட்டதாம். வளவுக்குள் யாரோ வந்துபோயிருக்க வேண்டும் என்று அவர் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு வேலியைச் சுற்றிவந்தாராம். கதை உண்மையோ பொய்யோ, கேட்டவர் எவரும் "சேச்சே, அவர் அப்படிப்பட்டவரில்லை" என்று மறுத்ததில்லை.

அவர் பார்த்த வேலை அப்படி. நாவிதன்வெளிப் பக்கத்தில் ஒரு கண்டத்துக்கு அவர் வட்டவிதானை, பேச்சில் வட்டானை. ஒரே வாய்க்காலை நம்பிக் கிடக்கும் வயல்களின் கூட்டத்தைத்தான் கண்டம் என்பது. அங்கே தண்ணீரை முறைவைத்துப் பங்கிட வேண்டும். வரம்பில் தண்ணீர் பாய விடும் வாய்க்கு வக்கடை என்று பேர். முறை இல்லாத நாளில் வக்கடையை வெட்டிவிடுகிறவனைப் பிடிக்க வேண்டும். முஸ்லிம்களின் வயலும் தமிழர்களின் வயலும் தோளோடு தோள் ஒட்டிக் கிடக்கும் அந்தக் கண்டத்தில், கோடைச் சிறுபோகத்துத் தண்ணீர் குறையக் குறைய ஜவுபரின் கண்கள் சிறுத்துக்கொண்டே போகும். வரம்பில் புதிய மண்ணைக் கண்டால் குனிந்து மோந்து பார்ப்பார்.

இதற்காகவே அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார். ஜப்பானில் பாறைமேல் ஏறி இறங்கும் போட்டிக்கென்று செய்த பழைய வண்டி. பொத்துவிலில், அறுகம்பைக்கு வரும் வெளிநாட்டாருக்கு வண்டி வாடகைக்கு விடும் ஒருவரிடம் கிடைத்தது. ஆள் உட்காரும்படியாக அதில் சீட் கிடையாது. நின்றுகொண்டுதான் ஓட்ட வேண்டும்.

"என்ன வட்டானை, சீட்டக் கள்ளன் கொண்டுபோயிட்டானா?" என்று சந்தியில் கேட்பார்கள்.

"அவன்ட பேரும் என்னட்ட இரிக்கி," என்பார் ஜவுபர். சிரிக்கமாட்டார்.

ஒற்றையடி வரம்பில், நடக்கும் வேகத்தில், அதிகம் சத்தமில்லாமல் அது போகும். வாய்க்கால் கட்டில் ஏறும், இறங்கும். இரண்டு போகம் யாரும் அவருக்குத் தப்பவில்லை. பிறகு ஒரு நாள் கட்டிலிருந்து இறங்கும்போது முன்பக்கம் பொதுக்கென்று அமர்ந்தது. ஜவுபர் ஹேண்டிலுக்கு மேலாகப் பறந்து வாய்க்காலுக்குள் விழுந்தார். வரம்பு செதுக்கிக்கொண்டிருந்தவர்கள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள்.

"வட்டானை தண்ணி அளக்க உள்ளுக்கே இறங்கிட்டாரு!"

அன்று அவர் வீட்டில் இரண்டு முடிவுகள் எடுக்கப்பட்டன. ஒன்று அவருடையது: முன்சக்கரத்தின் இரண்டு பக்கமும் கால் மாதிரி நின்று குலுக்கத்தைத் தாங்கும் ஷொக் இரண்டையும் கழற்றி ஒயில் மாற்றுவது. பாண்டிருப்பில் கராஜ் வைத்திருக்கும் குணத்திடம் கொடுத்தார். கண்டத்து உழவு மெஷின்களும் தண்ணீர் மோட்டார்களும் குணத்திடந்தான் போகும். அவன் ஒயிலை வடித்தான். கருப்பட்டிப் பாகு மாதிரி கறுத்து வந்தது. ஒயில் வெளியே வராமல் தடுக்கும் றப்பர் சீல்களையும் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். ஹேண்டிலை அமத்தினால் வண்டி மெதுவாக இறங்கி மெதுவாக எழுந்தது.

மற்ற முடிவு மாமியார் ஆசியா உம்மாவுடையது. "இது கண்ணூறு மகன். ஊர்க் கண் முழுக்க அந்த வண்டியிலதான்," என்று சொல்லி, எழுதி மடித்த செப்புத் தகடு ஒன்றைக் கறுப்பு நூலில் கோத்துக்கொண்டு வந்தார். ஜவுபர் வேண்டாம் என்று சொல்லவில்லை. உலகத்தில் எல்லாவற்றையும் சந்தேகிப்பவர் இதைச் சந்தேகித்திருக்க வேண்டாமா என்று கேட்கலாம். சந்தேகம் பலருக்கு அடுத்தவன் வேலிவரைக்கும்தான் போகும். சொந்த வளவுக்குள் வந்தால் செருப்பைக் கழற்றி வைத்துவிடும்.

ஆனால் வெட்கம் இருந்தது. வட்டானையின் வண்டியில் தகடு தொங்கினால் வக்கடை வெட்டுகிறவனே சிரிப்பான். ஆகவே வலது ஷொக்கின் பளபளக்கும் குழாயைச் சுற்றி நூலை இறுக்கிக் கட்டி, தகட்டை அதோடு ஒட்டவைத்து, குழாயை மூடியிருக்கும் றப்பர் உறையை மேலே இழுத்துவிட்டார். வெளியே ஒன்றும் தெரியவில்லை.

சில நாளில் வலது காலில் எண்ணெய் கசிந்தது. முதலில் ஈரம், பிறகு கோடு, பிறகு வடிந்து பிரேக் தட்டில் பட்டு, பிடித்தாலும் பிடிக்காத பிரேக். இடது கால் காய்ந்து கிடந்தது.

ஜவுபர் வண்டியைத் திரும்பக் கொண்டுபோனார். போகும் வழியில் பாண்டிருப்புச் சந்திக்கு முன் ஒரு மர நிழலில் நிறுத்தி, நூலை அவிழ்த்துத் தகட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கோயில் திருவிழாவுக்குத் தேர் இழுக்கிற குணம் வட்டானையின் தகட்டைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டால்?

குணம் காலைக் கழற்றிக் குழாயை வெயிலில் பிடித்து உருட்டிப் பார்த்தான். நகத்தால் தடவினான். மூத்த முஸ்லிம்களைக் காக்கா, அதாவது அண்ணன், என்றுதான் அவன் கூப்பிடுவான்.

"கீறல் ஒண்டுமில்ல காக்கா. சீல்தான் வெட்டுப்பட்டிருக்கு. மண்ணும் போயிருக்கு. உறைக்குள்ள ஏதும் கட்டினீங்களா?"

"ஒண்டும் கட்டல்ல."

"அப்ப எனக்கு விளங்கல்ல." புது சீலைப் போட்டான், காசு வாங்கவில்லை.

"அந்தப் பழைய சீலத் தா," என்றார் ஜவுபர்.

"என்னத்துக்கு, வடை சுடவா?"

"எனக்கு வேணும்."

குணம் சிரித்துக்கொண்டே ஒரு பையில் போட்டுக் கொடுத்தான். சாட்சியை விட்டுவிட்டுப் போகும் பழக்கம் ஜவுபருக்கு இல்லை. திரும்பும் வழியில் அதே மர நிழலில் நூலைக் கட்டினார்.

மறுபடியும் கசிந்தது. மறுபடியும் வலது காலில். பிரேக் பிடிக்காத வண்டி வளவிலேயே நின்றது.

அப்போதுதான் அவருக்குள் கணக்கு ஓடத் தொடங்கியது. குணத்தின் மச்சினன் கனகரெத்தினம். கனகரெத்தினத்தின் வயல் வாய்க்காலின் கடைசியில். போன மாதம் அவன் வாய்க்கால் கட்டில் நின்று, "கடைசி வயலுக்குத் தண்ணி வராட்டி நீங்க எதுக்கு வட்டானை?" என்று நாலு பேர் முன்னால் கேட்டவன். ஆக, மச்சினனுக்குக் கோபம். கோபத்தைத் தீர்க்கக் குணத்தின் கை. பிரேக் பிடிக்காமல் வட்டானை இன்னொரு தரம் வாய்க்காலில் விழ வேண்டும். ஏன் ஒரு காலில் மட்டும்? இரண்டிலும் செய்தால் பிடிபடுவான் அல்லவா? கெட்டிக்காரன்!

இந்தக் கணக்கை அவர் வாய்க்கால் தலைப்பில் வயல் வைத்திருக்கும் ஸலாஹுதீன் ஹாஜியாரிடம் சொன்னார். ஹாஜியார் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுத் தலையை மெதுவாக ஆட்டினார்.

"நான் சொல்லக் கூடாதெண்டு இருந்தன். இந்தப் போகத்து மெஷின் திருத்துற வேலைய ஆருக்குக் குடுக்குறதெண்டு சனிக்கிழமைக் கண்டத்துக் கூட்டத்தில பேசத்தானே போறம்? நீங்க ஒரு சொல் சொன்னாப் போதும். எங்கட ஆள் ஒருத்தனுக்குக் குடுப்பம்."

எங்கட ஆள். இந்தக் கிழக்குக் கரையில் நடந்த எத்தனையோ அநியாயங்கள் அந்தச் சொல்லில் ஏறித்தான் ஊர்கோலம் போயிருக்கின்றன. தமிழரும் சொல்வார்கள், முஸ்லிம்களும் சொல்வார்கள். சொன்னதும் நெஞ்சு விரியும், மூளை சுருங்கும்.

சனிக்கிழமை வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை. குணத்தின் கராஜில் நின்ற உழவு மெஷின் ஒன்றை, திருத்தி முடிக்கும் முன்பே அதன் சொந்தக்காரர் எடுத்துக்கொண்டு போனார். பிறகு இன்னொன்று. குணம் நடுரோட்டில் ஜவுபரை மறித்தான். கையில் கிரீஸ் இல்லை. வேலை இல்லாத கை.

"காக்கா, உங்கட வண்டிக்கு நான் மோசடி செஞ்சனெண்டு ஊரெல்லாம் கதை. என்னட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"கூட்டத்தில கேக்கன்."

"கூட்டத்தில கேட்டா என்ட கராஜ் மூடித்தான் இருக்கும்."

"குத்தம் இல்லாதவன் ஏன் பயப்புடுறான்?" என்றார் ஜவுபர். குணம் சைக்கிளில் ஏறிப் போனான். அவன் போன வேகத்தையும் அவர் சந்தேகக் கணக்கில் சேர்த்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து வந்து, முற்றத்தில் சாக்கை விரித்து உட்கார்ந்தார். வெட்டுப்பட்ட சீலைக் கழற்றி நாளைக்குக் கூட்டத்தில் எல்லார் கண் முன்னாலும் காட்ட வேண்டும். மனைவி சரீபா ஸ்பனர்களை எடுத்துக் கொடுத்தாள். அவர் றப்பர் உறையை இறக்கி, நூலை அவிழ்த்து, தகட்டை மரியாதையோடு அவள் கையில் வைத்தார்.

"இது என்ன இவ்வளவு ஊத்தையா?" சரீபா முந்தானையால் துடைத்தாள். துடைத்தும் போகவில்லை. "இஞ்ச பாருங்க. நூல் முழுக்க மண், எண்ணெய் குடிச்சி சாந்து மாதிரி. மூலையில கறுப்பா என்னமோ ஒட்டிரிக்கி."

"என்ன ஒட்டிரிக்கி?"

"றப்பர்."

ஜவுபர் தகட்டை வாங்கிக் கண்ணருகே பிடித்தார். மடித்த செம்பின் கூர்மூலையில் கறுப்புத் துருவல். வலது காலைக் கழற்றி, இப்போது போட்டிருந்த சீலை எடுத்தார். உள் உதட்டில் ஒரு வெட்டு. எழுந்துபோய்ப் பழைய சீல் கிடந்த பையைக் கொண்டுவந்தார். அதிலும் அதே மாதிரி வெட்டு. தகட்டின் மூலையை அந்த வெட்டில் வைத்தார். பூட்டில் திறப்பு நுழைந்ததுபோல் பொருந்தியது.

வண்டி குழியில் இறங்கும்போதெல்லாம் குழாய் கீழே போகும். அதோடு தகடும் போய் சீலின் உதட்டில் குத்தும். நூல் பிடித்து வைத்த மண் அந்த வழியாக உள்ளே போகும். இடது காலில் தகடு இல்லை, ஒழுகலும் இல்லை.

"இல்ல," என்றார் அவர். யாரும் எதுவும் கேட்கவில்லை.

"கராஜுக்குப் போகக்குள்ள இதக் கழட்டிட்டுத்தானே போனீங்க?" சரீபா கேட்டாள். "அந்த மனுசன் எப்பிடிக் கண்டுபிடிப்பாரு?"

"கேட்டான். ஒண்டும் கட்டல்லெண்டு சொன்னன்."

உள்ளேயிருந்து ஆசியா உம்மா வந்தார். "எழுத்தப் பிழ சொல்லாதீங்க மகன், பாவம்."

"எழுத்தச் சொல்லல்ல மாமி. மூலையச் சொல்றன்."

"மறுகா, நான் ஒண்டு கேக்கன்," என்றாள் சரீபா. "கனகரெத்தினத்திட வயல் கடைசியில. வண்டி ஓடி மேல தண்ணி களவெடுக்குறவனப் புடிச்சாத்தானே அவருக்குத் தண்ணி வரும்? வண்டி நிண்டா அவருக்கு என்ன லாபம்? லாபம் மேல்பக்கத்துக்காரருக்கு."

ஜவுபரின் கண்கள் சிறுத்தன. இந்தக் கேள்வி தனக்கு ஏன் தோன்றவில்லை என்று அவர் தன்னையே சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டார். அவருக்கு அது புதிய அனுபவம்.

"நாளைக்குக் கூட்டத்துக்குப் போகாம விட்டா என்ன?" என்றார், ஸ்பனரைத் துடைத்துக்கொண்டே.

"போகாட்டி ஊர் குணத்தக் கள்ளனெண்டே வெச்சிரிக்கும். நீங்க கட்டின நூல நீங்கதான் அவிழ்க்கணும்."

சனிக்கிழமை மாலை அசர் தொழுகைக்குப் பிறகு, வயல் காவலுக்குப் போட்ட கொட்டிலான வாடியில் கூட்டம். பாய் விரித்திருந்தது. கனகரெத்தினம் பின்னால் இருந்தான். குணம் வாடிக்குள் வரவில்லை. வெளியே மருத மரத்தடியில் கை கட்டி நின்றான்.

"சொல்லுங்க வட்டானை," என்றார் ஸலாஹுதீன் ஹாஜியார். "அந்த மெக்கானிக் உங்கட வண்டிக்கு என்ன செஞ்சான்?"

ஜவுபர் இரண்டு சீல்களையும் பாயில் வைத்தார். பக்கத்தில் தகட்டை வைத்தார்.

"அவன் ஒழுங்காச் செஞ்சான். நான் இத உறைக்குள்ள கட்டி அத வெட்டினன். கராஜுக்குப் போகக்குள்ள கழட்டி ஒளிச்சன். அவன் கேட்டதுக்குப் பொய் சொன்னன்."

பாயில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர், "கள்ளனப் புடிக்கிற வண்டியில கட்டின தகடு, வட்டானையத்தான் புடிச்சிரிக்கி!" என்றார். வாடி சிரிப்பில் குலுங்கியது. ஜவுபரின் காது சிவந்தது. அவர் எழுந்து போகவில்லை.

"சிரிச்சி முடிஞ்சா இன்னொண்டு இரிக்கி," என்றார். "வண்டி நிண்ட நாளெல்லாம் கடைசி வயலுக்குத் தண்ணி ஏறல்ல. குணத்தக் கள்ளனாக்க ஆரு அவசரப்பட்டது? எல்லாரும் எழும்புங்க. தலைப்பு வரம்பு வரைக்கும் நடந்துபோய்ப் பாப்பம்."

"இப்ப என்னத்துக்கு அந்தக் கதை? இருட்டப்போகுது," என்றார் ஹாஜியார்.

"இருட்டுறதுக்கு முன்ன வந்திருவம்."

ஹாஜியாரின் வரம்பில் புல் ஒரு இடத்தில் மட்டும் வாடிக்கிடந்தது. வெட்டி ஒட்டிய புல். கனகரெத்தினம் மண்வெட்டியால் ஒரு கொத்துக் கொத்தினான். டொக் என்றது. மண்ணுக்கடியில் கையகல பிளாஸ்டிக் குழாய் வாய்க்காலிலிருந்து ஹாஜியாரின் வயலுக்குள் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தது. ஹாஜியார் அதைத் தன் வேலையாள் செய்திருக்க வேண்டும் என்றார். வேலையாள் பக்கத்தில்தான் நின்றான். அவனும் ஹாஜியாரைப் பார்த்தான். அன்றைக்கு மெஷின் வேலையை "எங்கட ஆளுக்கு" கொடுக்கும் பேச்சை யாரும் எடுக்கவில்லை. குணத்துக்கே என்று முடிந்தது.

திங்கட்கிழமை ஜவுபர் வலது காலைத் திரும்ப மாட்டி, புது சீல் போட வண்டியைப் பாண்டிருப்புக்கு உருட்டிக்கொண்டு போனார். கராஜ் வாசலில் எடுத்துப்போன உழவு மெஷின்கள் திரும்ப வந்து நின்றன. குணம் 'வாங்க' என்று சொல்லவில்லை. ஸ்பனரைக் கையில் எடுத்தவன், அதைத் திரும்பக் கீழே வைத்தான்.

"உறைக்குள்ள ஏதும் கட்டினீங்களா?"

"இல்ல தம்பி."

"போன தரமும் இல்லெண்டுதான் சொன்னீங்க. சட்டப் பொக்கெட்டக் காட்டுங்க."

கராஜுக்குள் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். ஜவுபர் பையின் உட்புறத்தை வெளியே இழுத்துக் காட்டினார். ஒரு தொப்பியும் கசங்கிய பஸ் டிக்கட்டும் விழுந்தன.

"மற்றப் பொக்கெட்."

அதையும் காட்டினார். குணம் குனிந்து பார்த்தான், அவசரப்படாமல். பிறகு வண்டியின் முன்பக்கத்தை அமத்தி, வலது காலைக் கழற்றத் தொடங்கினான்.