தங்கை புலம்பல்

“உங்கடை அம்மா என்னத்தை விரும்பிச் சாப்பிடுறவ, தம்பி?” உதயகலா போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு கேட்கிறாள். வாயில் கடித்த புழுக்கொடியல் துண்டு. செத்துப்போன மனுசியின் மகன், கனடாவில் இருப்பவன், யோசிக்கிறான். யோசித்துக்கொண்டே இருக்கிறான். “சரி சரி, நான் பாத்துப் போடுறன்.” போனை வைத்ததும் வெடிக்கிறாள். “பெத்த தாய்க்கு என்ன பிடிக்கும் எண்டு தெரியாது, மக்கள் புலம்பல் மட்டும் நாலு பக்கம் வேணுமாம்! கண்டறியாத புலம்பல்!” பிறகு கம்பியூட்டர் பக்கம் திரும்பி, அந்தத் தாய்க்கு முருங்கைக்காய்க் குழம்பு பிடிக்கும் என்று தானாகவே அடிக்கிறாள்.

சாவகச்சேரி பஸ் நிலையத்துக்குப் பின்னால் உள்ள ஒரு அச்சகத்தில் அவளுக்கு வேலை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கன்று செத்தவீட்டில் பாடிப் படித்து, வந்தவர்களுக்கும் கொடுக்கும் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகங்கள் அவள் கையால்தான் உருவாகின்றன. மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல் எல்லாம் அவள் எழுத்து. பெயர் மட்டும் செத்தவீட்டுக்காரருடையது. பக்கம் சரிபார்க்கும்போது நடுவிரலை நக்கித்தான் புரட்டுவாள். “எடியே, மை வயித்துக்குள்ளை போகுது” என்றால், “இவ்வளவு பொய்யையும் விழுங்கினனான், மையோ என்னைக் கொல்லப்போகுது?” என்பாள். நானும் அவளும் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள்.

உன் பெயரில் ஒன்று எழுதேன் என்று கேட்டால் முகம் சுண்டிவிடும். ஒருமுறை கோயில் திருவிழாக் கவியரங்கில் ஏறினவள்தான். தலைமை வகித்தவர் இளைப்பாறிய தமிழாசிரியர் கனகசபாபதி. பாதியில் மறித்து, “பிள்ளை, உது கவிதையில்லை, வேலியடிக் கதை. போய் யாப்புப் படிச்சிட்டு வாரும்” என்று ஒலிவாங்கியிலேயே சொன்னார். கூட்டம் சிரித்தது. சிரித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வாழ்நாளில் ஒரு வரி எழுதாதவர்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அன்று இறங்கினவள் பிறகு ஏறவேயில்லை. “வேறை ஆற்றையேன் பேரிலை எழுதினால் ஒருத்தரும் சிரிக்கமாட்டினம்” என்பாள்.

இந்த வருடம் அவளுடைய அக்கா பத்மாசினி சிறுநீரகம் பழுதாகி இறந்தார். மீசாலை வீட்டில், கல்யாணமும் கட்டாமல், தாய் தகப்பனைக் கடைசிவரை பார்த்த மனுசி. பத்மாசினிக்குத் தம்பியும் உதயகலாவுக்கு அண்ணனுமான குகதாசன் லண்டனில் இருக்கிறான். அக்கா படுக்கையில் கிடந்த மாதங்களில் அவனுக்குப் போன் எடுக்க நேரமில்லை. செத்த பிறகு பறந்து வந்தான். கல்வெட்டு முழுக்கக் கலரில் வேண்டுமாம். “தம்பி புலம்பலை நல்ல உருக்கமா எழுதடி” என்று தங்கையிடமே கேட்டான். வெட்கங்கெட்டவன்!

அவள் எழுதியும் கொடுத்தாள். அதுதான் எனக்குத் தாங்கமுடியவில்லை. “உனக்கென்ன விசரோடி?” என்று அச்சகத்துக்குள் நின்று கத்தினேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். தம்பி புலம்பலுக்கு அடுத்த பக்கத்தில் தங்கை புலம்பல். கீழே உதயகலா என்று பெயர்.

‘அக்கா போனைக் காதோடை வைச்சபடி கிடந்தவ.
மணி அடிச்சுக்கொண்டே இருந்தது, அண்ணை.
தம்பி வேலையிலை நிப்பான் எண்டு
எனக்கு ஆறுதல் சொன்னதும் அவதான்.’

“சிரிக்கப்போகினமடி” என்றாள். “அச்சுக்கு விடட்டோ?”

“விடடி. சிரிக்கிறவன்ரை பல்லை நான் உடைக்கிறன்” என்றேன்.

அந்தியேட்டிப் பந்தலில் கல்வெட்டுப் படிக்க வந்தவரும் கனகசபாபதி மாஸ்டர்தான். எங்கள் பக்கத்தில் அவரை விட்டால் ஆளில்லை. தம்பி புலம்பலை ராகம் போட்டு இழுத்தார். சனம் மூக்கைச் சிந்தியது. குகதாசன் கைக்குட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டான். அடுத்த பக்கம் வந்தது. மாஸ்டர் திறந்த வாயை மூடிக்கொண்டு, பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருதரம் பார்த்தார்.

“உதென்ன, பாட்டுமில்லை ஒண்டுமில்லை. வேலியடிக் கதை” என்று பக்கத்தைப் புரட்டினார்.

“ஓம் மாஸ்டர், அதை விடுங்கோ” என்று குகதாசன் அவசரப்பட்டுச் சொன்னான். அவனும் தன் கையில் இருந்த புத்தகத்தில் அதை அப்போதுதான் கண்டிருந்தான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

எவனடா அது என்று நான் எழும்பினேன். எனக்கு முன்னமே உதயகலா எழும்பிவிட்டாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, சனத்தின் நடுவால் நடந்துபோய் மாஸ்டருக்குப் பக்கத்தில் நின்றாள்.

“அது நான் எழுதினது, மாஸ்டர்.”

புத்தகத்தை அவரிடமிருந்து வாங்கவில்லை. நடுவிரலை நக்கி, அவர் கையில் இருந்தபடியே அந்தப் பக்கத்தைத் திரும்பப் புரட்டினாள். பிறகு ஒலிவாங்கியைத் தன் வாய்ப்பக்கம் இழுத்தாள்.