வேர்க்கடலைப் பாட்டு

அன்றைக்கு அங்கே இருந்தவர்கள்: எதிரில் கடலை விற்ற முனியம்மா, என் மாமியார் தாயாரம்மா, என் வீட்டுக்காரர், ஷிஃப்ட் முடிந்து ரயிலுக்கு நின்ற கம்பெனி ஆட்கள். நடுவில் நான்.

எழுபதுகளில் நடந்தது. இன்று மீஞ்சூரில் ரயில் ஏறியதும் ஞாபகம் வந்துவிட்டது. பக்கத்தில் ஒரு காலேஜ் பெண், தோழிக்குப் பாடம் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"பழைய இங்கிலீஷ்ல 'கல்டர்'னு ஒரு வார்த்தடி. பாட்டுக்கும் அதான், மந்திரத்துக்கும் அதான். 'சீப்'னா அப்போ வியாபாரமாம்."

எனக்கு முகம் எரிந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் வாசலில் நான் பாடித்தான் வேர்க்கடலை விற்பேன். கூட்டம் என்னிடம்தான் வரும். முனியம்மாவின் கூடை அப்படியே இருக்கும்.

"இவ இன்னா பாடறான்னு நெனச்சீங்க? மந்திரம் போட்டுக்கினு கீறா!" என்று அன்றைக்குக் கத்தினாள்.

"கூட்டத்துல ஆம்பளைங்களப் பாத்து இன்னாடி பாட்டு?" என்றார் மாமியார்.

இனிமேல் பாடமாட்டேன் என்று எல்லார் முன்னாலும் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்ய வைத்தார்கள். தினமும் என்னிடம் கடலை வாங்கியவர்களே வேடிக்கை பார்த்தார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பெற்ற பிள்ளைகளுக்குத் தாலாட்டுகூட நான் பாடியதில்லை.

முனியம்மாவுக்கு வயிற்றுப்பாடு. மாமியாருக்கு மானம். இரண்டு பேரையும் மன்னித்து விட்டுவிட்டேன்.

உங்களால் விடமுடியாத ஆள் யார்? கீழே எழுதுங்கள். என் ஆள், "சீக்கிரம் அணைடி, வண்டி வந்துடப் போவுது" என்று தீக்குச்சி கிழித்தவர். இதுவரை அவர் பேரை வாயால் சொன்னதில்லை. எழுதலாம் அல்லவா?

கோவிந்தன்.