பாலாடைக் கஞ்சி

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு யார் வாசலில் வந்து நின்றாலும் பொன்னாத்தாள் கேட்கிற முதல் கேள்வி, "சூடு போட்டாச்சா?" என்பதுதான். ஆமாங்க என்று பதில் வந்தால் அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். மஞ்சள் கிழங்கைச் சுட்டு, பச்சைப் பிள்ளையின் வயிற்றில் இழுத்துவிட்டு, அதற்கும் கேட்கவில்லை என்றான பிறகு கடைசியில்தான் அவளிடம் வருவார்கள்.

"மந்திரிச்சு முடிச்சு, சூடு போட்டு முடிச்சு, உசுரு தொண்டைக்குழிக்கு வந்தப்புறம் எங்கிட்ட வாரீங்க. நான் என்ன சுடுகாடு காக்கறவளா?" என்று திட்டிக்கொண்டே பிள்ளையைக் கையில் வாங்கிக்கொள்வாள்.

புதுச்சத்திரத்தில் பண்ணையம் பார்க்கிற வீட்டுப் பெண் அவள். இருபத்திரண்டு வயதில் புருசன் போய்விட்டான். பொறந்த ஊட்டில் ஒருத்தருக்கும் வேண்டாதவளாகிப் போனாள். சேலத்துக்குப் போய் ஓர் ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டில் ஆயாவாகச் சேர்ந்தாள். பதினொரு வருசம் பீத்துணி அலசினாள். அங்கிருந்த டாக்டரம்மா சொல்வதைக் காதில் வாங்கி, செய்வதைக் கண்ணால் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான் அவளுடைய வைத்தியம். ஊருக்குத் திரும்பியபோது, பீத்துணி அலசினவளுக்கு இந்த வீட்டில் இடம் கிடையாது என்று சொன்ன சொந்தக்காரர்களே, தங்கள் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ரோட்டோரத்தில் இருந்த அவளுடைய ஓலைக் கொட்டகைக்கு ஓடி வந்தார்கள். வெட்கம் என்று ஒன்று வேண்டாமா மனிதர்களுக்கு?

ஊசி போட அவளுக்குத் தெரியாது. உச்சிக்குழி அமுங்கியிருக்கிறதா, அழுதால் கண்ணீர் வருகிறதா, வயிற்றுத் தோலைக் கிள்ளிவிட்டால் மடிப்பு உடனே விழுகிறதா என்று பார்க்கத் தெரியும். உப்புப் போட்ட அரிசிக் கஞ்சியை, பிள்ளைக்குப் பால் புகட்டுகிற மூக்குக் கிண்ணமான பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டத் தெரியும். கைமீறிப் போய்விட்டது என்றால் அதுவும் தெரியும். அப்போது பேச்சே கிடையாது. தாயையும் பிள்ளையையும் சேலத்துக்கு வண்டி ஏற்றி, கூடவே போவாள். சுற்றுவட்டாரத்துத் தாய்மார்கள் அவளை நம்பியது அதனால்தான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டாம் வருசம், சித்திரை மாதம். வெண்ணந்தூர் நெசவாளி கைலாசம் விடியற்காலையில் கிளம்பி, நடந்தே அவளிடம் வந்து சேர்ந்தான்.

"எங்க அண்ணனுக்குத் தெரியாம வந்தேனுங்க. நூலு வாங்கப் போறேன்னு சொல்லிப்போட்டு வந்தேன். என்ற புள்ளை கமலவேணிக்கு ஒன்றரை வயசுங்க. முந்தாநேத்திருந்து வாந்தியும் பேதியுமாக் கெடக்குது."

"தண்ணி குடுக்கறீங்களா?"

"இல்லீங்க. குடிக்கிற தண்ணிதான் அப்படியே பேதியாப் போகுது, உதட்டைக்கூட நனைக்கக் கூடாதுன்னு அண்ணன் சொல்லிப்போட்டாருங்க."

பொன்னாத்தாள் தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டு நாள். சித்திரை வெயிலில், ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. பக்கத்துத் தோட்டத்து வண்டியைக் கட்டச் சொல்லி ஏறி உட்கார்ந்தாள். வழியெல்லாம் கைலாசத்தை அவள் வைத வசவைக் கேட்டு வண்டிக்காரன் திரும்பிப் பார்க்கவே இல்லை.

பொழுது சாயும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பிள்ளை தூளியில் துவண்டு கிடந்தது. கண் குழிவிழுந்து, உதடு வெடித்திருந்தது. தண்ணீர்க் குடத்தைத் தேடினால் அது பரண்மேல் இருந்தது. காலையில் பிள்ளை தவழ்ந்து போய்க் குடத்தின் ஈர வயிற்றை நக்கியதாம். அதனால் மேலே ஏற்றி வைத்தார்களாம். சொன்னவள் அந்தப் பிள்ளையைப் பெற்ற கந்தம்மாள். அவள் அழக்கூட இல்லை.

முற்றத்து அடுப்பில் ஓர் அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. மறுநாள் காலையில் தறிக்கு ஏற்றுகிற நெடுக்கு நூலான பாவைத் தெருவில் விரித்து, நூல் அறாமல் இருக்க அதற்குப் பூசுகிற கஞ்சி. பக்கத்தில் கைலாசத்தின் அண்ணன் வெங்கடாசலம் நின்றிருந்தார். அந்தத் தெருவில் அவர் சொன்னால் மறுபேச்சில்லை.

"எங்க ஊட்டுப் புள்ளையை எங்களுக்குப் பார்த்துக்கத் தெரியுமுங்க. நீங்க எதுக்கு இந்த வெயில்ல வந்தீங்க?" என்றார்.

"அண்டாவுல எத்தனை படி அரிசிங்க?"

"நாலு படி."

"நூலு அறுந்துபோகக் கூடாதுன்னு நாலு படி அரிசி. புள்ளைக்கு ஒரு பாலாடைக் கஞ்சிக்கு வழியில்லீங்களா?"

"அது பாவுக்கு வெச்சது. அதுல கை வைக்காதீங்க."

"பாவுக் கஞ்சிக்கு விடற எண்ணெயை இன்னும் விடலையே," என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே ஒரு கரண்டி மொண்டாள். தெளிவாக வடித்து, தண்ணீர் விட்டு, உப்புப் போட்டு ஆற்றி, பாலாடையைக் கந்தம்மாள் கையில் கொடுத்தாள். "நீயே ஊட்டு சாமி. நாளைக்கு நான் போயிருவேன்."

முதல் பாலாடை வாந்தியாக வந்தது. வெங்கடாசலம், "பார்த்தீங்களா?" என்றார். பொன்னாத்தாள் அவர் பக்கமே திரும்பவில்லை. சற்றுப் பொறுத்து மறுபடி ஊட்டச் சொன்னாள். பிள்ளை பிழைக்குமா என்று அவளுக்கே தெரியவில்லை. சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே இருந்தார்கள். விடியும்போது பிள்ளை மூத்திரம் பெய்து தாயின் மடியை நனைத்தது. பிறகு வீறிட்டு அழுதது. கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"பொழைச்சுக்கிச்சு," என்றாள் பொன்னாத்தாள்.

கந்தம்மாள் அந்தக் கண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அக்கா, ரெண்டு வருசத்துக்கு முந்தி என்ற பெரியவனுக்கும் இதேதானுங்க வந்துது. நாலு வயசு. மூணு நாளாத் தண்ணி வேணும்னு வாய்விட்டுக் கேட்டானுங்க. நான் குடுக்கலை. குடுத்திருந்தா அவனும் இருந்திருப்பானுங்களா?"

பொன்னாத்தாள் அவள் கையிலிருந்த பாலாடையை வாங்கிக் கீழே வைத்தாள். அது வேறு நோவு என்று ஒரு பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால் இந்த வீட்டில் இனியும் பிள்ளைகள் பிறக்கும்.

"இருந்திருப்பான், சாமி," என்றாள்.

கந்தம்மாள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். நீள விரித்த பாவின் இருபுறமும் ஆண்கள் கஞ்சி பூசி, நூலோடு நூல் ஒட்டாமல் தூரிகையால் நீவிக்கொண்டிருந்தார்கள். அதுவரை கணவனின் அண்ணன் எதிரில் நின்றுகூடப் பேசாதவள், அவர் முன்னால் போய் நின்றாள்.

"மாமா, என்ற பையன் மூணு நாளாத் தண்ணி கேட்டானுங்க. நீங்க வேண்டாம்னீங்க, நான் குடுக்கலை. அவனுக்கு இப்ப என்ன பதில் சொல்லட்டுங்க?"

வெங்கடாசலத்தின் கை நின்றது. அவரைப் பார்த்து மற்றவர்கள் கையும் நின்றது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நீவாமல் விட்டால் கஞ்சி காய்ந்து பாவு முழுதும் ஒட்டிப் பாழாகிவிடும் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஒருத்தரும் தூரிகையை அசைக்கவில்லை. கந்தம்மாளும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.