அடி விழக் கூடாது என்று நான் செய்த ஜெபம்

என் புருஷன் மணலில் மூச்சில்லாமல் கிடந்தார். செத்தவர் தலைமாட்டில் கொளுத்த மெழுகுதிரி எடுக்க ஆள் ஓடியாகிவிட்டது. பிரியமானவர்களே, அந்த மனுஷனை ஆண்டவர் எப்படித் திருப்பித் தந்தார் என்று சொல்லத்தான் உங்கள் முன்னால் நிற்கிறேன். என் பெயர் புஷ்பம். கேரளத்துக் காரோடு பஞ்சாயத்தில் கடலோரம் வீடு. மீன் விற்கிறவள், பேச்சில் காரம் கொஞ்சம் கூடுதலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் நடுவே, மழை விட்டு, கரையில் நின்று இழுக்கிற கரமடி வலை இழுக்கத் தொடங்கியிருந்த நேரம். ஒரு புதன்கிழமை காலை. ஒரு கூட்டம் கடலில் வலை வளைத்துவிட்டால், அதைக் கரையேற்றுகிற வரை இன்னொரு கூட்டம் அந்த இடத்தில் வள்ளம் இறக்கக் கூடாது. அது எங்கள் கரையின் முறை. அன்றைக்கு வடக்குக் கூட்டத்தார் எங்கள் வலைக்குக் குறுக்கே இறக்கினார்கள். வாய்ச்சண்டை கைகலப்பானது. துடுப்பும் கம்புமாகக் கண்மண் தெரியாமல் அடித்துக்கொண்டார்கள். ஒருத்தனுக்கு மண்டை பிளந்தது. ஒருத்தனுக்குக் காது கிழிந்து தொங்கியது. நான் மீன் கூடையை வீசிவிட்டு ஓடினேன். "ஆண்டவரே, என் வீட்டுக்காரர்மேல் இனி ஒரு அடியும் விழக் கூடாது" என்று கத்தினேன். ஜெபம் என்று என் வாயில் வந்தது அவ்வளவுதான். சொல்லி வாய் மூடவில்லை, வடக்குக் கூட்டத்து வறுவேல் அவருடைய நெஞ்சில் துடுப்பால் ஓங்கி அடித்தான். அவர் அலைக்குள் குப்புற விழுந்தார்.

விழுந்தது தண்ணீரில். அதனால் கடல்நீரைக் குடித்துவிட்டார் என்றே எல்லோரும் நினைத்தார்கள். முங்கியவனை எடுத்தால் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின்மேல் குப்புறக் கிடத்தி உருட்டுவது எங்கள் வழக்கம். அப்படியே கிடத்தி உருட்டினார்கள். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. உதடு நீலமாகிவிட்டது. பெண்கள் அவர் காதில் "இயேசு மரி சூசை" சொல்லத் தொடங்கினார்கள். சாகிறவர்களின் காதில் சொல்வது அது. "நீயும் சொல்லு மக்கா, போற ஜீவன் உன் சத்தத்தயும் கேக்கட்டு" என்று மாமியார் என் தலையைப் பிடித்துக் குனிய வைத்தார். நான் தலையை உதறிக்கொண்டேன். ஆண்டவர்மேல் அப்படி ஒரு கோபம். கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் காதில் வாங்கவில்லையே!

அப்போதுதான் சேவியர் கூட்டத்தை முட்டித் தள்ளிக்கொண்டு வந்தான். அடித்த வறுவேலின் சொந்தத் தம்பி. சவுதியில் ஆம்புலன்சில் நர்ஸ் வேலை, லீவில் ஊருக்கு வந்திருந்தான். "வெள்ளமொண்ணும் குடிக்கல்ல, நெஞ்சு நின்னு போச்சு. எறக்குங்க!" என்று கத்தினான். அவரை மணலில் மல்லாத்தி, நெஞ்சில் இரண்டு கையையும் வைத்து, உடம்புப் பாரம் முழுவதையும் போட்டு அமுக்கினான். எலும்பு ஒடிகிற சத்தம் எனக்குக் கேட்டது. அமுக்கிக்கொண்டே, கோயில் டிஸ்பென்சரி சிஸ்டரை மருந்துப் பெட்டியோடு அழைத்துவர ஆள் அனுப்பினான். ஊசி போட்டு யாருக்காவது ஒத்துக்கொள்ளாமல் போனால் கொடுக்க அட்ரினலின் மருந்து சிஸ்டரிடம் இருக்கும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் ஆட்களுக்கு அதெல்லாம் தெரியுமா? அண்ணன் அடித்துப் போட்டதைத் தம்பி வந்து முடிக்கிறான் என்றுதான் தெரிந்தது. "எலே, செத்தவனையும் அடிக்கான்லே! பிடிலே அவனை!" கல் பறந்தது. சேவியரின் நெற்றி கிழிந்து, ரத்தம் என் வீட்டுக்காரரின் முகத்தில் சொட்டியது. அவன் கையை எடுக்கவில்லை. சிஸ்டர் ஓடிவந்து ஊசியில் மருந்தை ஏற்றியபோது, என் தம்பி மிக்கேல் துடுப்பை ஓங்கிக்கொண்டு வந்தான். "எங்க அத்தானுக்கு வெசமா குத்துகிய?"

நான் சேவியரைப் பார்த்தேன். கல்லடிக்குத் தலையைக்கூட ஒதுக்காமல், அழுதபடி அமுக்கிக்கொண்டிருந்தான். கொல்ல வந்தவன் எதற்கு அழ வேண்டும்? "ஆண்டவரே, இவன் நீர் அனுப்பினவன் என்றால் காப்பாற்றும்" என்று சொல்லி நடுவில் பாய்ந்தேன். துடுப்பு என் கையில் விழுந்தது. முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்தது. "எலே மிக்கேலே, அவங்க குத்தட்டு! தடுக்கணும்னா மொதல்ல என்னைக் கொல்லு!" என்று அலறினேன். மிக்கேல் துடுப்பைக் கீழே போட்டான்.

சிஸ்டர் என் வீட்டுக்காரரின் கையில் நரம்பு தேடி மருந்தை ஏற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. சேவியருக்குக் கை தளர்ந்துவிட்டது. மிக்கேலின் சட்டையைப் பிடித்து இழுத்து மண்டியிட வைத்தான்.

"நீ அமுக்கு. ரத்தம் ஓடினாத்தான் மருந்து நெஞ்சுக்குப் போவும். நிறுத்தினா குத்தின எடத்திலேயே கிடக்கும். அமுக்குலே!"

அடிக்க வந்த கையாலேயே என் தம்பி அமுக்கினான். சேவியர் வாயோடு வாய் வைத்து ஊதினான். சிஸ்டர் மறுபடியும் மருந்து ஏற்றினார். நான் ஒடிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, "இன்னும் அமுக்குலே, இன்னும்" என்று கதறினேன். கடைசியில் சேவியர் அவர் கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். "உண்டு" என்றான். "நாடி உண்டு."

ஜீப்பில் போட்டு நெய்யாற்றின்கரைக்கும், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கும் கொண்டுபோனோம். இப்படி நின்றுபோன நெஞ்சு எல்லோருக்கும் திரும்ப அடிப்பதில்லை, கடற்கரையிலேயே அமுக்காமல் வெறும் மருந்தைப் போட்டிருந்தால் ஆள் இல்லை என்று டாக்டர் சொன்னார். நினைவு வந்ததும் என் வீட்டுக்காரர் கேட்ட முதல் கேள்வி, "நெஞ்செல்லாம் நோவுது, ஆரு என்னை இப்பிடி அடிச்சது?" கட்டிலின் காலடியில் சேவியரும் மிக்கேலும் பேயறைந்தவர்களைப் போல நின்றார்கள். "இவனுவ ரெண்டுபேருமாக்கும்" என்றேன். சொன்னதும் அழுதுவிட்டேன்.

வறுவேல்மீது நாங்கள் கேஸ் நடத்தவில்லை. வீட்டில் துடுப்பைத் தூக்கிச் சண்டைக்குப் போகிற பழக்கமே நின்றுவிட்டது. அவர் இன்றும் உயிரோடு, என் சமையலைக் குறை சொல்லிக்கொண்டு இருக்கிறார். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

ஒரு அடியும் விழக் கூடாது என்று கேட்டேன். ஆண்டவர் அதை மட்டும் தரவில்லை; சேவியரும் மிக்கேலும் எலும்பு ஒடிய அமுக்கிய அந்த அடியை அவர் தடுக்காததால்தான் என் தாலி நிலைத்தது. பிரியமானவர்களே, நீங்களும் கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். ஆனால் அவர் அனுப்புகிற ஆள் உங்களுக்குப் பிடிக்காத வீட்டிலிருந்து வரலாம். அவன்மேல் கல்லை மட்டும் எறிந்துவிடாதீர்கள்.